ஓலை நறுக்கில் ஐந்து சொற்கள்: துறவிகளின் ஞான நூல்களைப் படிக்கத் தொடங்குவோருக்கு

பட்டினத்தார் கதை பலருக்கும் தெரிந்ததுதான். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வணிகம் செய்து பெரும் பொருள் சேர்த்தவர் திருவெண்காடர்; பின்னாளில் பட்டினத்தார் ஆனவர் அவர்தான். வளர்ப்பு மகன் மருதவாணன் கொடுத்துவிட்டுப் போன பெட்டியைத் திறக்கிறார். உள்ளே காது ஒடிந்த ஓர் ஊசியும் ஓர் ஓலை நறுக்கும் இருக்கின்றன. ஓலையில் ஐந்தே சொற்கள்: "காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே." அதோடு அத்தனையையும் விட்டு வெளியேறினார் என்கிறது கதை.

அவர் அந்த ஓலையைப் படித்தார் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். காட்சி எதுவும் தோன்றவில்லை, அசரீரி கேட்கவில்லை. ஒரு வரி கண்ணில் பட்டது, உள்ளே இறங்கியது. அண்மைக் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. மதுரையில் உறவினர் வீட்டில் தங்கிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன் என்ற சிறுவன் கையில் பெரியபுராணம் கிடைத்தது. பாடப் புத்தகங்களுக்கு வெளியே அவன் ஆழ்ந்து படித்த முதல் சமய நூல் அதுதான். 1896ஆம் ஆண்டின் நடுவில் அவனுக்கு மரண அனுபவம் நேர்ந்தபின், மீனாட்சியம்மன் கோயிலில் அறுபத்துமூவர் சிலைகளுக்கு முன் போய் நின்று, அவர்களுடைய பக்தி தனக்கும் வேண்டும் என்று கண்ணீர் விட்டான். அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தான். நாம் ரமண மகரிஷி என்று அறிவது அவனைத்தான்.

பட்டினத்தார் படித்த அதே ஓலை வரியை நானும் நீங்களும் படித்திருக்கிறோம், ஒன்றும் நடக்கவில்லை. அதற்கும் நம் பெரியவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். வைராக்கியத்தில், அதாவது உலகப் பற்று விட்டுப்போகும் மனநிலையில், நிலைக்காதவை மூன்று என்பார்கள். சுடுகாட்டில் பிணம் எரியும்போது வருவது மயான வைராக்கியம். குளித்து வீடு திரும்பியதும் போய்விடும். பேறுகால வலியில் இனி வேண்டவே வேண்டாம் என்று தோன்றுவது பிரசவ வைராக்கியம். ஞான நூலைப் படிக்கும்போதும் கதை கேட்கும்போதும் உலகமே பொய் என்று தோன்றி, எழுந்ததும் பழையபடி ஆவது புராண வைராக்கியம். இந்தக் கட்டுரை மூன்றாவதைப் பற்றியது. படிப்பில் வந்த ஒரு நெகிழ்ச்சியை, படித்து முடித்த பிறகும் எப்படித் தக்கவைத்துக்கொள்வது என்பதே என் அக்கறை.

என் அப்பா இறந்த ஆண்டில் நான் சித்தர் பாடல்களைக் கையில் எடுத்தேன். இரவெல்லாம் படித்தேன். நான்கு மாதத்தில் பட்டினத்தார், பத்திரகிரியார், சிவவாக்கியர் என்று வரிசையாக முடித்தேன். வீட்டில் யாரோடும் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். அம்மா தனியாக அடுக்களையில் அழுதுகொண்டிருப்பாள். நான் பக்கத்து அறையில் 'பற்றறுத்து' உட்கார்ந்திருப்பேன். என் பேசாமையை மௌனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது துறவும் இல்லை, ஞானமும் இல்லை. துக்கத்துக்குப் பயந்து புத்தகத்துக்குள் ஒளிந்துகொண்டது. இந்தப் பிழையைப் புதிதாக வருகிறவர்கள் செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், எதற்காக வந்தீர்கள் என்று எழுதுங்கள்

எந்த நூலையும் வாங்குவதற்கு முன் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் எடுத்து, உங்களை உறுத்துவது என்ன என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். 'முக்தி வேண்டும்' என்று எழுத வேண்டாம், அது கேள்விப்பட்ட சொல். 'தம்பியோடு பேசி ஆறு வருடம் ஆகிறது', 'சாவை நினைத்தால் தூக்கம் வருவதில்லை', 'எல்லாம் இருந்தும் எதிலும் ருசி இல்லை' என்று எழுதுங்கள்.

சாந்தோக்கிய உபநிஷத்தில் நாரதர் சனத்குமாரரிடம் போகிறார். உனக்குத் தெரிந்ததைச் சொல் என்கிறார் குரு. நான்கு வேதம், இதிகாச புராணம், கணிதம், வானநூல் என்று நாரதர் அடுக்குகிறார். அடுக்கி முடித்துவிட்டு, மந்திரங்களை அறிந்தவனே தவிர ஆத்மாவை அறிந்தவன் அல்ல, ஆத்மாவை அறிந்தவன் சோகத்தைக் கடப்பான் என்று கேட்டிருக்கிறேன், நான் சோகத்தில் இருக்கிறேன் என்கிறார். உபதேசம் அதன் பிறகுதான் தொடங்குகிறது. கடோபநிஷத்தில் நசிகேதனும் அப்படியே. மரணத்துக்குப் பின் மனிதன் இருக்கிறானா இல்லையா என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு, எமன் தருகிற யானை, குதிரை, நீண்ட ஆயுள் அனைத்தையும் ஒதுக்குகிறான். உங்கள் வாக்கியமும் அப்படிப்பட்டதாக இருக்கட்டும். நூலைத் தேர்ந்தெடுப்பதும் அதை வைத்துத்தான்.

எந்த நூலில் தொடங்குவது

கேள்வி கேட்டே பழகியவர், சடங்கில் மனம் ஒட்டாதவர் என்றால் ரமணரின் 'நான் யார்?' என்ற சிறு நூலில் தொடங்குங்கள். 1901-02இல் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு, அப்போது பேசாமல் இருந்த ரமணர் எழுதிக் காட்டிய விடைகள் அவை. இன்று வழங்கும் வடிவில் 28 கேள்விகள். அரை மணி நேரத்தில் படித்துவிடலாம், ஆனால் அப்படிப் படிக்கக்கூடாது. மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டே புகைவண்டியில் பயணம் செய்கிறவனைப் பற்றி அதில் ஓர் உவமை வரும். பாரத்தை வண்டிதான் சுமக்கிறது, பிறகு ஏன் தலையில்? கவலையால் வதங்குகிறவர்கள் அந்த ஓர் உவமையோடு ஒரு மாதம் இருக்கலாம்.

இழப்பு, துக்கம் என்று வந்திருந்தால் பட்டினத்தாரில் தொடங்காதீர்கள். என் அனுபவம் அது. அவர் பாட்டு ஆறாத புண்ணில் நேராகக் கை வைக்கும். தாயுமானவரின் பராபரக் கண்ணியை எடுங்கள். ஒவ்வொன்றும் இரண்டே அடி. நானூறுக்குச் சற்றுக் குறைவான கண்ணிகள். நாளுக்கு ஒன்று என்றாலும் ஓராண்டுக்கு மேல் வரும். "எல்லாரும் இன்புற்றிருக்க நினைப்பதுவே அல்லாமல் வேறொன்று அறியேன் பராபரமே" என்பது அதில் உள்ளதுதான். திருச்சிராப்பள்ளியில் நாயக்கர் அரசில் பொறுப்பில் இருந்த மனிதர் அவர். மௌனகுருவிடம் பெற்ற உபதேசம் 'சும்மா இரு' என்பதுதான். அந்த இரண்டு சொல்லோடு வாழ்நாளெல்லாம் அவர் பட்ட பாடுதான் அந்தப் பாடல்கள், அதனால் அவை நம்மை மேலிருந்து பார்த்துப் பேசுவதில்லை.

பிறர் துன்பம் கண்டு துடிக்கிற மனம் உள்ளவர்களுக்கு வள்ளலாரின் ஜீவகாருண்ய ஒழுக்கம். 1867இல் வடலூரில் அவர் ஏற்றிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறது. நூலையும் அடுப்பையும் பிரித்துப் படிக்க முடியாது. உரையாடலில் ருசி உள்ளவர்களுக்கு ஸ்ரீராமகிருஷ்ணரின் பேச்சுகள் ஏற்றவை. 1882 முதல் 1886 வரை தட்சிணேஸ்வரத்திலும் பிற இடங்களிலும் அவர் பேசியதை, பள்ளி ஆசிரியரான மகேந்திரநாத் குப்தர் நாட்குறிப்பாக எழுதிவைத்தார். தமிழிலும் கிடைக்கிறது.

பெண்கள் இந்த நூல்களுக்குள் வரும்போது ஒரு முள் குத்தும். பட்டினத்தாரிலும் சில சித்தர்களிலும் பெண் உடலை இழித்துப் பேசும் பாடல்கள் உண்டு. அவற்றுக்குச் சமாதானம் சொல்ல நான் முயலமாட்டேன். ஆண் துறவி தன் ஆசையோடு மோதிய மோதலில், அடி பெண் மேல் விழுந்திருக்கிறது. தாண்டிப் போங்கள், அல்லது வேறு குரலில் தொடங்குங்கள். தன் அழகு உடம்பை உதறிப் பேயுருவை விரும்பிப் பெற்ற காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதி இருக்கிறது. செங்கோட்டை ஆவுடையக்காள் இருக்கிறார். சிறு வயதிலேயே கணவனை இழந்து, ஊர் ஒதுக்கிய நிலையில், வீட்டுப் பேச்சுமொழியிலேயே அத்வைதத்தைப் பாடியவர். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் அவர் பாட்டுகளை வாய்வழியாகவே காத்துவந்தார்கள். ஆண்களும் படிக்க வேண்டிய பாட்டுகள் அவை.

திருமந்திரத்தை முதல் நூலாக எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தந்திரம் என்ற பெயரில் ஒன்பது பகுதிகள், மூவாயிரம் பாட்டு. மூன்றாம் தந்திரம் யோகம், நான்காம் தந்திரம் சக்கரங்கள். அவற்றில் புதியவர் தொலைந்துபோவார், அல்லது தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். இரண்டாவதுதான் மோசம். பிறகு வரும்போது முதல் தந்திரத்தில் நுழையுங்கள்.

எப்படிப் படிப்பது

'கேட்க வேண்டும், சிந்திக்க வேண்டும், அதிலேயே ஊன்றி நிற்க வேண்டும்' என்று யாக்ஞவல்கியர் மைத்ரேயிக்குச் சொல்கிறார். பிருகதாரண்யக உபநிஷத்தில் வரும் இடம். சிரவணம், மனனம், நிதித்தியாசனம் என்று பின்னால் பெயராகிவிட்டது. படிப்பு என்று நாம் சொல்வது இதில் முதல் படி மட்டும். நாம் பெரும்பாலும் அந்த முதல் படியிலேயே ஓடிக்கொண்டிருக்கிறோம், ஒரு நூலிலிருந்து அடுத்த நூலுக்கு.

ஆகவே அளவைக் குறையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கண்ணி, அல்லது ஒரு பாட்டு, அல்லது ஒரு கேள்வி-விடை. இருபது நிமிடம் போதும். காலையில், கைபேசியைத் தொடுவதற்கு முன்.

வாய்விட்டுப் படியுங்கள். இவை கண்ணுக்காக எழுதப்பட்டவை அல்ல. பதம் பிரித்த பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள், ஆனால் முதல் முறை ஓசைக்காகவே படியுங்கள். சிவவாக்கியரின் "ஓடி ஓடி ஓடி ஓடி உட்கலந்த சோதியை, நாடி நாடி நாடி நாடி நாட்களும் கழிந்துபோய்" என்பதைக் கண்ணால் படித்தால் ஒரு கருத்துதான் கிடைக்கும். வாயால் சொல்லும்போது மூச்சு வாங்கும், அப்போதுதான் வாழ்நாளெல்லாம் ஓடியது யார் என்று தெரியும்.

இரண்டாம் முறை நோட்டில் கையால் எழுதுங்கள். எழுதும்போது எந்தச் சொல் தெரியவில்லை என்று கை காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சொல்லுக்கு மட்டும் உரையைப் பாருங்கள். முழு உரையையும் முதலிலேயே படித்துவிட்டால், பாட்டு உங்களோடு பேசுவதற்கு முன்பே உரையாசிரியர் பேசிவிடுகிறார். சிவபுராணத்தின் கடைசியில் மாணிக்கவாசகர் "சொல்லிய பாட்டின் பொருள் உணர்ந்து சொல்லுவார்" என்கிறார். அவர் சொல்வதில் பொருளும் உண்டு, உணர்தலும் உண்டு, சொல்லுதலும் உண்டு. ஒன்றை விட்டால் மற்ற இரண்டும் நிற்பதில்லை.

மூன்றாவது, நாள் முழுவதும் அதை வைத்துக்கொள்வது. பேருந்தில், வரிசையில் நிற்கும்போது, பாத்திரம் தேய்க்கும்போது அந்த வரியை மனத்தில் ஓட விடுங்கள். விளக்கம் தேட வேண்டாம். பல நாள் ஒன்றும் தோன்றாது, அதுவும் சரி.

ஒரு மண்டலம், அதாவது 48 நாள், ஒரே நூல். இடையில் வேறொரு நூலைப் பற்றி யாராவது புகழ்ந்தால் பெயரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

நூலோடு கூடவே ஆசிரியர் வாழ்க்கையையும் கொஞ்சம் படிக்கலாம். ஒரே ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். வீட்டை விட்டுக் கிளம்பியபோது வேங்கடராமன் ஒரு சீட்டு எழுதிவைத்தான். 'நான்' என்று தொடங்கும் அந்தச் சீட்டு, அடுத்த வாக்கியத்திலேயே தன்னை 'இது' என்கிறது. கடைசியில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. 'நான் யார்?' நூலில் வருவதெல்லாம், பதினாறு வயதுப் பையனின் அந்தச் சில வரிச் சீட்டிலேயே நடந்து முடிந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு நூலுக்குத் திரும்பினால், அது வெறும் தத்துவமாகத் தெரியாது.

புரியாத மொழி

சித்தர்கள் பரிபாஷையில், அதாவது மறைபொருள் வைத்த குறிப்பு மொழியில், பேசுவார்கள். அதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் ஒரு திறவுகோலாவது கையில் இருக்க வேண்டும். கடுவெளிச் சித்தர் பாட்டு நினைவிருக்கும்: நந்தவனத்தில் ஓர் ஆண்டி, நாலாறு மாதமாய்க் குயவனை வேண்டி ஒரு தோண்டி கொண்டுவந்தான், அதைக் கூத்தாடிக் கூத்தாடிப் போட்டுடைத்தான். சின்ன வயதில் தாளம் போட்டுப் பாடியிருப்போம். நாலும் ஆறும் பத்து. பத்து மாதம் காத்திருந்து குயவனிடம் பெற்ற தோண்டி இந்த உடம்பு. ஆண்டி இந்த உயிர். இவ்வளவு தெரிந்ததும், விளையாட்டாகப் பாடிய பாட்டு தொண்டையில் நிற்கும்.

இதே சாவியை எல்லாப் பூட்டிலும் போடக்கூடாது. குதம்பைச் சித்தரின் மாங்காய்ப் பால், தேங்காய்ப் பால் போன்றவை யோக நிலைகளைக் குறிப்பவை. அவற்றுக்கு இணையத்தில் ஆளுக்கொரு விளக்கம் கிடைக்கும். 'எனக்கு இன்னும் புரியவில்லை' என்று நோட்டில் எழுதிவிட்டு நகருங்கள். என் நோட்டில் அப்படிப் பதினொரு இடங்கள் இருந்தன. பல வருடத்தில் மூன்று தானாகவே திறந்தன.

இன்னொன்று. எல்லா நூலும் ஒரே கொள்கை சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். ரமணரையும், கைவல்ய நவநீதம் என்ற தமிழ் வேதாந்த நூலையும் படிக்கும்போது உயிருக்கும் பிரம்மத்துக்கும் வேறுபாடு கடைசியில் இல்லை என்ற அத்வைத நிலையில் நிற்கிறீர்கள். சைவ சித்தாந்த நூல்களில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் என்றும் உள்ளவை. ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலம் நீங்கினாலும் உயிர் சிவனே ஆகிவிடுவதில்லை, சிவனோடு பிரிவின்றி நிற்கிறது. தாயுமானவர் இரண்டுக்கும் இசைவு காண முயன்றவர். முதல் ஆண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. எந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்திருந்தால் போதும்.

படித்தது வீட்டுக்குள் வரவேண்டும்

திருக்குறளின் துறவு அதிகாரம் இதோ தொடங்குகிறது: "யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்." எதிலிருந்து எதிலிருந்து ஒருவன் விலகுகிறானோ, அதனால் அதனால் அவனுக்கு வலி இல்லை. வள்ளுவரைத் தம்மவர் என்று பல சமயத்தாரும் உரிமை கொண்டாடுகிறார்கள், அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. இந்தக் குறள் ஒரு பயிற்சி என்பதுதான் எனக்கு வேண்டியது. எல்லாவற்றையும் ஒருசேர விடச் சொல்லவில்லை. 'யாதனின் யாதனின்' என்று அடுக்குகிறது, ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றாக.

ஒரு வாரம் செய்து பாருங்கள். இரவில் நோட்டை எடுத்து, அன்று மனம் வலித்த ஓர் இடத்தை மட்டும் எழுதுங்கள். கீழே, அப்போது நான் எதைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதுங்கள். நான் முதன்முதலில் எழுதியது இது: 'அலுவலகக் கூட்டத்தில் என் யோசனையை இன்னொருவர் தன்னுடையது போலச் சொன்னார். நான் பிடித்துக்கொண்டிருந்தது: என் பெயர்.' மறுநாள் வலி, வேறு ஆள், வேறு இடம். பிடித்துக்கொண்டிருந்தது மறுபடியும் என் பெயர்தான். ஏழு நாளில் ஐந்து நாள் அதே விடை. ஆணவம் என்ற சொல்லை அதற்கு முன் நூறு முறை படித்திருந்தேன். அது என் வீட்டில் எங்கே குடியிருக்கிறது என்று அந்த வாரம்தான் தெரிந்தது.

பிறகு விடுவதற்கு ஒரே ஒரு சிறு பொருளை எடுங்கள். வெளியில் யாருக்கும் தெரியாததாக இருந்தால் நல்லது. பேச்சில் கடைசிச் சொல் என்னுடையதாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை ஒரு மாதம் விட்டுப்பார்க்கலாம். சாப்பாட்டில் குறை சொல்வதை விடலாம். துறவு என்றால் காவி என்று நினைக்கிறவர்களுக்கு, பட்டினத்தாரும் பத்திரகிரியாரும் திருவிடைமருதூரில் இருந்த கதையைச் சொல்வேன். அரச வாழ்வையே விட்டு வந்த பத்திரகிரியாரிடம் ஒரு திருவோடும் ஒரு நாயும் இருந்தன. தம்மிடம் பிச்சை கேட்டு வந்த வேறொருவரிடம் பட்டினத்தார், மேலைக் கோபுர வாசலில் ஒரு குடும்பஸ்தன் இருக்கிறான், அவனிடம் கேள் என்று அனுப்பினாராம். நாட்டை விட்டவருக்கு ஓடு மிச்சம் இருந்தது. அளவு முக்கியமில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன கதை எனக்குத் தெரியாது.

மாற்றம் வந்ததா என்று எப்படித் தெரியும்? ஒளி தெரிவது, உடம்பு சிலிர்ப்பது ஆகியவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம். "சினம் இறக்கக் கற்றாலும் சித்தி எல்லாம் பெற்றாலும்" என்று தாயுமானவரே அவற்றை ஓரத்தில் வைத்துவிட்டு, மனம் இறக்கக் கல்லாதவருக்கு வாய் எதற்கு என்று கேட்கிறார். நான் பார்ப்பது இரண்டு அடையாளங்களை. கோபம் வந்த கணத்துக்கும் வாய் திறக்கும் கணத்துக்கும் நடுவே கொஞ்சம் இடம் தெரிகிறதா? வீட்டில் இருப்பவர்கள் உங்களிடம் முன்பைவிடச் சுலபமாகப் பேசுகிறார்களா? இரண்டாவதை நீங்கள் சொல்லக்கூடாது, அவர்கள் சொல்ல வேண்டும்.

அலை அடிக்கும்போது

மூன்றாவது, நான்காவது மாதத்தில் ஓர் அலை வரும். எல்லாம் வீண், வேலை வீண், உறவு வீண், கிளம்பிவிடலாம் என்று தோன்றும். அதை அடக்க வேண்டாம், ஆனால் அதன் பேரில் முடிவு எதுவும் எடுக்கவே கூடாது. வேலையை விடுவது, உறவை முறிப்பது, சொத்தை எழுதிக்கொடுப்பது ஆகியவற்றுக்கு ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். உண்மையான வைராக்கியம் ஒரு வருடத்தில் குறைந்துவிடாது. குறைந்தால் அது எந்த வகை என்று முன்பே பார்த்தோம்.

அந்த அலையில்தான் நான் அம்மாவிடம் பேசாமல் இருந்தேன். என்னை வெளியே இழுத்ததும் அதே பட்டினத்தார்தான். அத்தனையும் விட்டுப்போன மனிதர், தாயின் ஈமக்கடனுக்குத் திரும்பி வருகிறார். "ஐயிரண்டு திங்களா அங்கமெலாம் நொந்து பெற்று" என்று தொடங்கி, "எப்பிறப்பில் காண்பேன் இனி" என்று அழுகிறார். அன்னை மூட்டிய தீ அடிவயிற்றிலே என்கிறார். இத்தனை நாள் இந்தப் பாட்டைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஏனென்றால் அது நான் தேடிய துறவுபோல இல்லை. துறந்தவர் இப்படி அழுவாரா என்று அன்றுதான் நின்று கேட்டேன். ரமணரும் 1916இல் தம்மிடம் வந்து சேர்ந்த தாய் அழகம்மையை உடன் வைத்துக்கொண்டார், 1922 மே மாதம் அவர் உயிர் பிரியும்வரை பக்கத்திலேயே கை வைத்தபடி இருந்தார். பற்றை விட்டவர்கள் அன்பை விடவில்லை. நான் அதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். அன்று எழுந்துபோய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பாவைப் பற்றி அவள் பேசினாள், விடியும்வரை.

ஒரு நூல் என் வாழ்க்கையை மாற்றியது என்று என்னால் சொல்ல முடிந்தால், அந்த இரவைத்தான் சொல்வேன்.

செய்யக்கூடாதவை

இவற்றில் விட்டுக்கொடுக்க இடமில்லை. மூச்சை அடக்கும் பயிற்சிகளை நூலை மட்டும் வைத்துக்கொண்டு செய்யாதீர்கள். சித்தர் நூல்களில் உள்ள பாதரசம், பாஷாணம் சேர்ந்த முறைகளை வீட்டில் முயன்று பார்க்கவே கூடாது, உயிர் போகும். தூக்கமின்மை, பசியின்மை, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தொடர்ந்தால் அது வைராக்கியம் அல்ல. மருத்துவரிடம் போக வேண்டும், அதுவரை இந்த நூல்களை மூடிவைக்கலாம். மருந்தை நிறுத்தச் சொல்கிற, வீட்டாரிடமிருந்து பிரிக்கிற, பணத்தை முதலில் பேசுகிற யாரையும் குருவாகக் கொள்ளாதீர்கள்.

வாதத்துக்கும் போகாதீர்கள். தாயுமானவர் தம்மைப் பற்றியே சொல்லிக்கொள்கிறார்: நல்லவர் ஞானமே முக்கியம் என்றால் கர்மம் முக்கியம் என்று நாட்டுவேன், வடமொழி வல்லவன் வந்தால் தமிழில் பேசுவேன், தமிழறிஞர் வந்தால் வடமொழி வசனம் சிறிது சொல்வேன். "கல்லாத பேர்களே நல்லவர்கள் நல்லவர்கள்" என்று அந்தப் பாட்டு தொடங்குகிறது. படிப்பு ஏறஏற இந்த நோய் எல்லோருக்கும் வரும்.

அடுத்த ஆண்டு

ஒரு நூல் முடிந்ததும் அதையே மறுபடி ஒரு முறை படியுங்கள். பிறகுதான் அடுத்தது. எங்கே நிறுத்துவது என்பதற்கு ராமகிருஷ்ணர் ஒரு கதை சொல்வார். ஊரிலிருந்து ஒருவருக்குக் கடிதம் வருகிறது. அது எங்கோ தொலைந்து, வீடெல்லாம் தேடி எடுக்கிறார்கள். இனிப்பும் ஒரு துணியும் அனுப்பச் சொல்லி அதில் இருக்கிறது. படித்தாகிவிட்டது, இனிக் கடிதம் எதற்கு? கடைக்குப் போக வேண்டியதுதான். 'நான் யார்?' நூலிலும், மனத்தை அடக்குவதே எல்லா நூல்களின் முடிவு என்று தெரிந்த பிறகு நூல்களை அளவின்றிப் படிப்பதில் பயனில்லை என்று வருகிறது. நூலிலேயே இப்படி எழுதியிருப்பதை ஒருமுறை உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான மூலங்கள் காசில்லாமலேயே கிடைக்கும். மதுரைத் திட்டம் இணையதளத்தில் சித்தர் பாடல்களும் தாயுமானவரும் உண்டு. திருமுறைகள் தருமபுரம் ஆதீன உரையோடு இணையத்தில் இருக்கின்றன. 'நான் யார்?' ரமணாச்ரமப் பதிப்பு சிறு கையேடு, சட்டைப்பையில் வைக்கலாம்.

முடிந்தால் ஓர் இடத்துக்குப் போய்வாருங்கள். திருவண்ணாமலையில் விருபாட்ச குகை, வடலூரில் தருமசாலை, திருவொற்றியூரில் கடலோரமாகப் பட்டினத்தார் சமாதி. கையில் வைத்திருந்த பேய்க்கரும்பின் நுனி எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கே தமக்கு விடுதலை என்று சுற்றியவருக்கு, அந்த ஊரில்தான் அது இனித்ததாம். புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நான் அம்மாவை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். லிங்கத்துக்கு முன் உட்கார்ந்து, நான் வாய் திறக்கும் முன்பே, அவள் 'ஐயிரண்டு திங்களா' என்று தொடங்கிக் கடைசி அடிவரை தப்பில்லாமல் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததாம்.